ஊட்டி டூர் போட்டோவில் கார் நம்பரை மறைக்கணுமா, வேண்டாமா?

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலை. ஒருபக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. மேகமூட்டம் கொஞ்சம் விலகினால் போதும், வரிசையாக நாலு கார்கள் ஓரங்கட்டிவிடும். புது கார் வாங்கி முதன்முறையாக மலையேறியவர்கள் பானட்டில் சாய்ந்து போஸ் கொடுப்பார்கள். படம் இன்ஸ்டாகிராமுக்குப் போகும் முன் நண்பர் ஒருவர் சொல்வார்: "மச்சி, நம்பரை மறைச்சுட்டுப் போடு." இன்னொருவர் சிரிப்பார்: "ரோட்ல போறவன் எல்லாம் பார்க்குற நம்பர்தானே, அதுல என்னடா ரகசியம்?"

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம்பர் ரகசியம் இல்லை

வண்டி எண் என்பதே ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்ததுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவுப்படி, பதிவு செய்து எண்ணை முறையாகக் காட்டாமல் வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் கட்டாயம். சாலையில் எண்ணை மறைத்தால் குற்றம். ஆனால் அதே வண்டியின் போட்டோவில் எண்ணை மறைத்தால் அது குற்றமே இல்லை. பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நீலகிரியில் வண்டி எண்ணுக்குக் கூடுதல் வேலையும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025-ல் கோடை சீசனுக்கு உச்சவரம்பும் வைக்கப்பட்டது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள். இ-பாஸ் எடுக்க வண்டி எண்ணைக் கொடுத்தாக வேண்டும். 'டிஎன் 43' என்று தொடங்கும் உள்ளூர் வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை. அதாவது, மலைக்கு மேலே யார் உள்ளூர், யார் வெளியூர் என்று சோதனைச் சாவடியில் முதலில் சொல்வதே நம்பர் பிளேட்தான்.

இவ்வளவு வெளிப்படையான ஒன்றைப் போட்டோவில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

சாலையில் பார்ப்பதும் நெட்டில் பார்ப்பதும் ஒன்றா?

சேரிங் கிராஸில் உங்கள் காரைப் பார்ப்பவர் அடுத்த சிக்னலுக்குள் எண்ணை மறந்துவிடுவார். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. எங்கே வேலை பார்க்கிறீர்கள், வீட்டில் யார் யார் என்பதெல்லாம் தெரியவே தெரியாது.

பொதுவில் போட்ட போட்டோ அப்படி இல்லை. அதே எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் முகம், பெயர், மனைவி, குழந்தை, நிற்கும் இடம், நேரம் எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. 'எம்பரிவாகன்' ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால், எந்த ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவானது, என்ன மாடல், இன்சூரன்ஸ் எதுவரை என்பவை வரும். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகளை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயரைத்தான் உங்கள் இன்ஸ்டா பக்கமே முழுசாகச் சொல்லிவிடுகிறதே! அரசு ஆப் மறைத்ததை நீங்களே நிரப்பிக் கொடுக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. போன வருஷம் ஆயுதபூஜைக்கு வீட்டு வாசலில் காருக்கு மாலை போட்டு எடுத்த படத்திலும் அதே எண் இருக்கிறது. இப்போது 'மூணு நாள் ஊட்டி, செம்ம கிளைமேட்' என்ற படத்திலும் அதே எண். முதல் படம் வீட்டைக் காட்டுகிறது. இரண்டாவது படம் அந்த வீட்டில் ஆள் இல்லை என்கிறது. இரண்டையும் கோக்கிற நூல், அந்த நம்பர் பிளேட்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

'நம்பரை வைத்து ஒருத்தன் என்ன பண்ணிட முடியும்?' என்ற கேள்விக்குப் பதில், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1989-ல் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இளம் நடிகை ரெபெக்கா ஷேஃபரைப் பின்தொடர்ந்த ஒருவர், தனியார் துப்பறிவாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்தார். கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறையின் பதிவேட்டிலிருந்து அவருடைய வீட்டு முகவரி கிடைத்தது. வீட்டு வாசலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாகனப் பதிவேட்டில் உள்ள தனிநபர் விவரங்களைக் கண்டவருக்கும் கொடுக்கக் கூடாது என்று 1994-ல் அமெரிக்கா தனிச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்தக் கொலையும் ஒரு காரணம்.

இந்தியாவில் கதை வேறு திசையில் போனது. வாகனப் பதிவு விவரங்கள் கொண்ட 'வாகன்' தரவுத்தளத்தையும் ஓட்டுநர் உரிம விவரங்கள் கொண்ட 'சாரதி' தரவுத்தளத்தையும் மொத்தமாக விலைக்குக் கொடுக்க 2019-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு கொள்கையே வகுத்தது. 87 தனியார் நிறுவனங்களுக்கு இந்த விவரங்களைப் பார்க்கும் வசதி தரப்பட்டதாகவும், அதில் 65 கோடி ரூபாய் கிடைத்ததாகவும் அந்த ஆண்டு நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. தனியுரிமைக் கவலைகளால் 2020 ஜூனில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. கொள்கை போய்விட்டது. ஏற்கெனவே வெளியே போன விவரத்தைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் பூட்ட முடியுமா?

அதனால் போட்டோவில் எண்ணை மறைப்பது பெரிய பூட்டு ஒன்றும் இல்லை. அது ஒரு சின்னத் தாழ்ப்பாள். பெரிய பூட்டைப் போட வேண்டியது தரவை வைத்திருப்பவர்கள். சுற்றுலாப் பயணிகளிடம் இ-பாஸுக்காக வாங்கும் எண்களும் இதில் சேரும். அவை எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதைப் பயணிகளுக்குப் புரியும்படி சொல்வது நிர்வாகத்தின் கடமை.

போலி நம்பர் பயம் நியாயமானதா?

'நம்பரைப் பார்த்து எவனாவது போலி பிளேட் அடிச்சுட்டா?' என்பது பலரின் பயம். போலி நம்பர் பிளேட் நிஜமான பிரச்சினைதான். 2025 ஜனவரியில் மும்பை தாஜ் ஓட்டல் அருகே ஒரே எண்ணுடன் இரண்டு எர்டிகா கார்கள் நின்றது தேசியச் செய்தி ஆனது. உண்மையான உரிமையாளர், தான் செய்யாத போக்குவரத்து விதிமீறல்களுக்கு அபராத நோட்டீஸ் வாங்கி நொந்துபோயிருந்தவர்.

ஆனால் அந்த வழக்கில் மற்றவர் எண்ணை எந்த போட்டோவிலிருந்தும் திருடவில்லை. கார் கடன் தவணையிலிருந்து தப்பிக்கத் தன் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தார், அது இன்னொருவர் எண்ணாகிவிட்டது என்பதே போலீஸ் விசாரணையில் வந்த தகவல். போலி பிளேட் அடிக்க நினைப்பவருக்கு உங்கள் இன்ஸ்டா தேவையில்லை, ஒரு பார்க்கிங் போதும். ஆகவே இந்தப் பயத்துக்காக மட்டும் மறைப்பதில் பெரிய பலன் இல்லை. மறைப்பதற்கான வலுவான காரணம் முன்பு சொன்னதுதான்: எண்ணையும் முகத்தையும் வீட்டையும் ஒரே இடத்தில் கோத்துக் கொடுக்காமல் இருப்பது.

மறைக்கவே கூடாத இடம்

எஸ்டேட் வேலை முடிந்து சாலையோரமாக நடந்துபோகும் ஒரு தொழிலாளியை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போகிறது என்று வையுங்கள். வண்டி எது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். எண் தெரிந்தால் அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் மூலம் இழப்பீடு கேட்கலாம். அங்கே வயது, வருமானம், குடும்பத்தில் அவரை நம்பி இருப்பவர்கள் எல்லாம் கணக்கில் வரும். ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது வருஷம், யாரோ எடுத்த ஒரு போட்டோவில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பொறுத்திருக்கலாம்.

முதுமலைக் காட்டுச் சாலையில் யானையை வழிமறித்து வீடியோ எடுப்பவர்கள் விஷயமும் இப்படித்தான். வனத்துறைக்கு அங்கே வண்டி எண்தான் முதல் துப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் படத்தை மறைக்காமல் போலீஸுக்கோ வனத்துறைக்கோ கொடுங்கள். 'இவனை வைரல் ஆக்குங்க' என்று பொதுவில் போடாதீர்கள். மும்பையில் ஒரே எண்ணில் இரண்டு கார் நின்றதே, அதில் போலி பிளேட் கார் யாரையாவது இடித்து, அந்த எண்ணை ஊர் முழுக்கப் பகிர்ந்திருந்தால் திட்டு வாங்கியிருப்பது எந்தக் குடும்பம்?

அடுத்தவர் வண்டி

உங்கள் காரை மறைப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பின்னணியில் நிற்கும் அடுத்தவர் கார் அப்படி இல்லை. தொட்டபெட்டா பார்க்கிங்கில் எடுத்த படத்தில் பத்து வண்டி எண் விழலாம். அதில் ஒன்று, வீட்டுக்குச் சொல்லாமல் வந்த ஜோடியுடையதாக இருக்கலாம். தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனிடமிருந்து ஒதுங்கி வாழும் ஒரு பெண்ணுடையதாகவும் இருக்கலாம். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கூகுள் தன் ஸ்ட்ரீட் வியூ படங்களில் முகங்களையும் நம்பர் பிளேட்டுகளையும் தானாகவே மங்கலாக்குவது இதற்காகத்தான். 2022 ஜூலையில் சென்னை உட்பட பத்து இந்திய நகரங்களில் அந்தச் சேவை வந்தபோதும் அதே வழக்கம்தான்.

மஞ்சள் போர்டு டாக்ஸி ஓட்டுநர் தன் வண்டியின் எண்ணோடு படம் போடுவது வேறு விஷயம். அது அவருடைய விளம்பரம், பயணிக்கும் நம்பிக்கை. பழைய காரை விற்பவர் பொது விளம்பரத்தில் எண்ணை மறைத்துவிட்டு, நிஜமாக வாங்க வருபவருக்கு மட்டும் கொடுக்கலாம். இன்சூரன்ஸ், பாக்கி அபராதம் எல்லாம் சரிபார்க்க அவருக்கு அது தேவை.

சட்டம் காப்பாற்றுமா?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இரண்டு விதிவிலக்குகள் கவனிக்க வேண்டியவை. ஒருவர் தன் சொந்த, குடும்பத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் அந்தச் சட்டம் பொருந்தாது. தன் தரவைத் தானே பொதுவில் வெளியிட்டிருந்தால் அந்தத் தரவுக்கும் பொருந்தாது. சுருக்கமாக, நீங்களே ஊருக்குக் காட்டியதை நாளை ஒரு நிறுவனம் அள்ளிக்கொண்டு போனால், இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுப்பது கஷ்டம். படத்தைப் போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்பதுதான் கையில் உள்ள பாதுகாப்பு.

மறைப்பது என்றால் சரியாக மறையுங்கள்

லேசான மார்க்கர் கோடு போதாது. வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். முழுக் கருப்புக் கட்டமோ கெட்டியான ஸ்டிக்கரோ வையுங்கள். பின்பக்கக் கண்ணாடியில் உள்ள குடியிருப்பு ஸ்டிக்கர், அலுவலக பார்க்கிங் பாஸ் இவையும் முகவரி சொல்பவைதான். போட்டோ ஃபைலுக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அந்த விவரமும் கூடவே போகும். எல்லாவற்றையும் விட எளிய வழி, மலையிறங்கி வீடு வந்து சேர்ந்த பிறகு படங்களைப் போடுவது. தேயிலைத் தோட்டம் இரண்டு நாளில் எங்கேயும் ஓடிவிடாது.

ஆக, பொதுவில் போடும் படமா, உங்கள் எண்ணை மறையுங்கள். அடுத்தவர் எண்ணைக் கட்டாயம் மறையுங்கள். விபத்தோ குற்றமோ என்றால் எதையும் மறைக்காமல், உரியவரிடம் மட்டும் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பாட்டிக்கு அனுப்பும் படத்துக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். புது காரின் நம்பர் ராசியானதா என்று கூட்டிப் பார்க்க அவருக்கு அது வேண்டும்.