பெட்டிக்கடையும் மாஸ்டர் பிளானும்

எங்கள் தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. முன்னறையில் கடை, பின்னறையில் அந்த அம்மாள் குடும்பம். பால், மெழுகுவர்த்தி, யூகலிப்டஸ் தைலம், அவசரத்துக்கு மாத்திரை எல்லாம் கிடைக்கும். 'குடியிருப்புப் பகுதியில் வணிகம்' என்று நோட்டீஸ் வந்தது, பயந்து மூடிவிட்டார். அதே தெருவில் மூன்று வீடுகள் லாட்ஜாக மாறி ஜாம் ஜாமென்று நடக்கின்றன! போன வாரம் பாலுக்காக மூஞ்சிக்கல் வரை இறங்கி ஏறினேன். இரண்டு நாள் முழங்கால் வீக்கம்.

யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. நானும் குமாஸ்தாதான். 'நில உபயோகம் குடியிருப்பு. நிராகரிக்கலாம்' என்று எத்தனை கோப்புகளில் குறிப்பு எழுதியிருப்பேன்! உள்ளே இருப்பது பெட்டிக்கடையா, நாற்பது அறை லாட்ஜா என்று பார்க்கத் தோன்றியதில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரியில் கீழே கடை, மாடியில் குடும்பம், வாசலில் திண்ணை. தரைத்தளத்துக்கு பிரெஞ்சில் 'ரே-த-ஷொஸே' என்பார்கள். தெருமட்டம் என்று அர்த்தம். வீட்டின் கீழ்த்தளம் தெருவைச் சேர்ந்தது என்று பெயரிலேயே வைத்துவிட்டார்கள். நம் கோடையும் நடந்து வந்த ஊர்தான். மலைச்சாலை போடும்வரை பெரியகுளம் பக்கமிருந்து நடையாகவும் டோலியிலும்தானே ஏறினார்கள்?

1993 மாஸ்டர் பிளான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்பிய ஹோட்டலை நாம் பார்த்தவர்கள். அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன பழனிமலைப் பாதுகாப்பு அமைப்பினருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் விதி பயப்பட வேண்டியது உயரத்துக்கும் அறை எண்ணிக்கைக்கும் சரிவை வெட்டும் புல்டோசருக்கும். பத்துக்குப் பத்து அறையில், உரிமையாளரே குடியிருந்து நடத்தும் கடைக்கு அல்ல. அப்படிப்பட்ட கடையைத் தெருவுக்கு ஒன்று என்று விதியே அனுமதிக்கட்டும். வண்டி நிறுத்த இடம் எங்கே என்று கேட்கவே வேண்டாம். அங்கே வருகிறவர்கள் நடந்துதான் வருவார்கள்.

2024 முதல் மேலே வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். சரிதான். ஆனால் உள்ளூர்க்காரன் ஒரு பால் பாக்கெட்டுக்காக வண்டி எடுக்கிறானே, அந்த நெரிசலை எந்தப் பாஸ் குறைக்கும்?

மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாழ்நாளில் முதல் முறையாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றேன். எங்கள் தெருவில் பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். லாட்ஜ்காரர் ஒருவரும் போட்டார். அவருக்கும் காலையில் பால் வேண்டுமே.