கம்பெனி கொடுக்கிற பணமா?

"வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த சமயம் காரின் மேல் மரக்கிளை விழுந்து முன்பக்கம் நசுங்கிவிட்டது. ரிப்பேர் செய்கிற இடத்தில், 'இன்ஷ்யூரன்ஸ்தான் இருக்கிறதே, உங்களுக்கென்ன கவலை அம்மா?' என்றார்கள். பத்து நாள் கழித்துப் போனால், கம்பெனி கொடுத்தது போக நான் 16,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். இது நியாயமா?" என்று ஒரு சகோதரி கேட்கிறார்.

நியாயமாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம். பில்லைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? சகோதரிக்கு அந்தப் பில்லை யாரும் காட்டவே இல்லையாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நகை செய்யக் கொடுத்தால், சேதாரம் எவ்வளவு என்று நாலு தடவை கேட்கிறோம் அல்லவா? இன்ஷ்யூரன்ஸிலும் சேதாரம் உண்டு. அங்கே அதற்குத் தேய்மானம் என்று பெயர். பழைய பாகத்துக்குப் பதில் புதியது போட்டால் முழு விலையும் கம்பெனி தராது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கும் பாட்டரிக்கும் பாதி விலை நம்முடையது. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயசைப் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் நாலுக்குள் 25 சதவிகிதம். பத்தைத் தாண்டினால் 50 சதவிகிதம். இது தவிர, ஒவ்வொரு தடவையும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியானால் 2,000.

சகோதரியின் வண்டிக்கு வயசு மூன்றரை; 1,200 சி.சி. ஒரு பேச்சுக்கு விலைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பம்பர் 8,000 என்றால் அவர் பங்கு 4,000. பானெட் 12,000 என்றால் 3,000. பெயிண்ட் வேலை மொத்தம் 8,000, அதில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,000. கடைசியில் அந்த முதல் 1,000. ஆக 9,000 ரூபாய். வரி, நட்டு, போல்ட், ஆயில் என்று சில்லறை கொஞ்சம் சேரும். 16,000 என்றால் மிச்சத்துக்குக் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

ஒட்டி நிமிர்த்தக்கூடிய பம்பரை மாற்றிவிட்டால் கம்பெனிக்குத்தானே நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பாதி நஷ்டம் உங்களுடையது. தேய்மானமே பிடிக்காத பாலிசி எடுத்தவர்கள்கூட நிம்மதியாகத் தூங்க முடியாது. ஒரு தடவை பணம் கேட்டு வாங்கினால், கேட்காமல் இருந்த வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அடியோடு போய்விடும். முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து, ஐந்து வருஷத்தில் 50 வரை ஏறும் தள்ளுபடி அது. சின்ன நசுங்கலுக்குக் கைக்காசைக் கொடுப்பதே லாபமாக முடிவதும் உண்டு.

ஆகையால் வண்டியை விடும் அன்றே, எந்தப் பாகம் மாற்றுவது, எது நிமிர்த்துவது, ஒவ்வொன்றுக்கும் விலை, கூலி என்று எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்த்து எவ்வளவு அனுமதித்தார் என்ற அறிக்கையின் நகலைக் கேளுங்கள்; கேட்க உங்களுக்குப் பாத்தியம் உண்டு. கழற்றிய பிறகு உள்ளே இன்னும் சேதம் தெரிவது வாஸ்தவம்தான். ஆனால் அதையும் சர்வேயர் பார்த்த பிறகே வேலை நடக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்து வர அல்ல, அவை கம்பெனிக்குச் சேரக்கூடும். மாற்றியதாகச் சொல்வது மாற்றப்பட்டதுதானா என்று கண்ணால் பார்க்கத்தான்.

தூண்டில் ஒன்று போடுவார்கள். "பின் கதவிலே பழைய கீறல் இருக்கிறதே, அதையும் இதிலேயே சேர்த்துவிடலாம் அம்மா" என்று ரொம்பப் பிரியமாகச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்! படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். பொய் என்று தெரிந்தால் கம்பெனி மொத்தத்தையும் மறுத்துவிடலாம். தவிர, தலையாட்டிய பிறகு, பில்லில் எது கூடுதல் என்று கேட்க நமக்கு வாய் ஏது?

வேலை முடிந்ததும், திருப்தியாக இருக்கிறது என்று ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். வண்டியை ஓட்டிப் பார்த்து, பில்லை வரி வரியாகப் படித்த பிறகு போடலாம். "எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள்" என்று அவசரப்படுத்தினால் தாக்ஷண்யம் பார்க்காதீர்கள்.

சரி, "பணம் கட்டினால்தான் வண்டி" என்கிறார்களே? முறையான கூலிக்காக வண்டியை நிறுத்திவைக்க, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் ரிப்பேர்க்காரருக்கு இடம் கொடுக்கிறது. வண்டி அவசியமானால், அங்கே சண்டை போட்டுக்கொண்டு நிற்பதைவிட, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லிலேயே எழுதி, பணம் கட்டி, ரசீதும் நகலும் வாங்கி வண்டியை எடுத்து வந்துவிடலாம். பிறகு கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள்.

கம்பெனி தொகையைக் குறைத்துவிட்டது என்பது புகாரானால், ஒரு மாதம் பதிலில்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, இன்ஷ்யூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கடைக்காரர் மீதுதான் புகார் என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து நுகர்வோர் உதவி கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். எஸ்டிமேட், சர்வேயர் அறிக்கை, ஆட்சேபம் எழுதிய பில் மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.