காட்சி அமைப்போர்க்கும் ஒரு பரிசு

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரம் தீட்டும் மாணாக்கருக்குப் பரிசும் பாராட்டும் ஓரளவு கிட்டிவரினும், எந்தச் சித்திரத்தின் அருகே எது நிற்கவேண்டும், எவ்வுயரத்தில் தொங்கவேண்டும், அருகிலுள்ள குறிப்பட்டையில் எந்த இரண்டு வரிகள் போதும் என்றெல்லாம் சிந்தித்துக் கண்காட்சியை உருவாக்கும் மாணவரைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை என்பது என் நெடுநாளைய விசனம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணாக்கரோடு சோழமண்டலக் கலைக்கிராமத்தை நிறுவியபோது, பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்றே அவர்கள் பொருள் சேர்த்தார்கள். கலையைப் படைப்பதோடு அதை ஜனங்களிடம் கொண்டு சேர்ப்பதும் கலைஞன் கடமையே என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே என்னும் கலைவிழாவும் 2014 முதல் மாணவர்க்கெனத் தனிக் கண்காட்சி நடத்திவருவது மிக்க சந்தோஷம் தருவது.

ஆகவே, காரைக்காலிலும் வளாகமுடைய புதுவைப் பல்கலைக்கழகம், மாணவரே தொகுத்து அமைக்கும் கண்காட்சிக்கென ஆண்டுப் பரிசொன்றை ஸ்தாபித்து, காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு ஜனத்திரள் கூடும் ஆனி மாதத்தில் அக்காட்சியைக் காரைக்காலிலேயே வைக்கலாம். பலகைக்கும் விளக்குக்கும் வண்டிக் கூலிக்கும் ஏழை மாணவர் கடன்பட நேராதபடி, பரிசுத் தொகையில் ஒரு பகுதியை, அவர்கள் திட்டம் தேர்வானவுடனேயே முன்பணமாக அளித்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்பகரத்தூர்