படத்தில் இல்லாத வாய்க்கால்

நாட்டிலே எத்தனை ஏரி, எத்தனை குளம், எத்தனை குட்டை என்று எண்ணிப் பார்த்துவிட்டார்கள். மத்திய சர்க்காரின் ஜலசக்தி அமைச்சகம் 2023 ஏப்ரலில் அந்தக் கணக்கை வெளியிட்டது. மொத்தம் 24,24,540 நீர்நிலைகள். அவற்றிலே நூற்றுக்கு 1.6 ஆக்கிரமிப்பிலே கிடக்கின்றனவாம். எண்ணியது நல்ல காரியம், நாம் குறை சொல்லவில்லை. எண்ணாமல் விட்டதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். தேங்கி நிற்பதுதான் நீர்நிலை. ஓடுவது — ஆறானாலும், ஓடையானாலும், வாய்க்காலானாலும் — கணக்கிலே சேராது! நல்ல இலக்கணம்தான், வேறு சீமைகளுக்கு. திருவாரூருக்கு இது பொருந்துமா?

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவனும் கிழவியும் சொன்ன அந்தக் கணக்கிலே ஓடைக்கும் இடம் இருந்தது. படித்தவர்கள் போட்ட பட்டியலிலே கமலாலயம் போன்ற குளத்துக்கு இடம் உண்டு, ஓடைக்கு இல்லை. குளத்தை நிரப்புவது எது, வயலுக்குப் போவது எது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலும்!

கல்லணையிலே பிரிகிற வெண்ணாறு நீடாமங்கலத்து மூணாறு தலைப்புக்கு வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. ஓடம்போக்கி, வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி என்று இந்த மாவட்டத்திலே ஓடுகிற பெயர்களைச் சொல்லிக் கொண்டே போகலாம். இவை பெரிய ஆறுகள். எல்லாப் படத்திலும் இருக்கும். ஆனால் உழவனின் வயலை எட்டுவது ஆறல்ல. ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதற்கும் கீழே நம்மவர்கள் 'சி வாய்க்கால், டி வாய்க்கால்' என்று சொல்கிறார்களே, அந்த ஆறடி அகல வாய்க்கால்தான் கடைசியில் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதிலே ஆகாயத்தாமரை அடைத்துக் கொண்டால், மேட்டூரிலே 120 அடி நின்றாலென்ன, 60 அடி நின்றாலென்ன? கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக் கொண்டுதான் நிற்க வேண்டும்.

படம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் விஷயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். பத்து டி.எம்.சி. தண்ணீரை நாம் இழந்த கதையை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. பதினேழு ஆண்டுக் காலம் வழக்கு நடந்து, 2007 பிப்ரவரி 5ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி.; அதிலே பிலிகுண்டுலுவில் கர்நாடகம் அளந்துவிட வேண்டியது 192. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் அங்கே தீர்ப்பானபோது 419 என்பது 404.25 ஆயிற்று, 192 என்பது 177.25 ஆயிற்று. குறைந்த 14.75இலே, 4.75 பெங்களூர் நகரத்தின் குடிநீருக்காக. குடிக்கத் தண்ணீர் கேட்பவனோடு நாம் வழக்காட மாட்டோம். மீதிப் பத்து எதற்காக? தமிழ்நாட்டு டெல்டாவிலே பூமிக்கடியில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதிலே பத்தையாவது கணக்கில் எடுத்துக் கொள்ளலாம் என்பதற்காக!

ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்தல்ல என்று அதே தீர்ப்பு சொன்னது. அதை நாமும் மதிக்கிறோம். ஆனால் பத்து டி.எம்.சி. என்பது ஆயிரம் கோடி கன அடி. ஓர் அடி உயரத்துக்குத் தேக்கினால் ஏறத்தாழ 2,29,000 ஏக்கரிலே நிற்கும் தண்ணீர்! அது நம் காலுக்கடியில் இருப்பதாக ஏடு சொல்லிற்று. கால் வைத்திருப்பவனைக் கேட்டால் என்ன சொல்வான்? வலங்கைமான், குடவாசல் பக்கத்திலே பம்புசெட் இறைக்கிறது, உண்மை. கிழக்கே போகப் போக, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைச் சீமையிலே குழாயை இறக்கினால் பல இடங்களில் வருவது உப்பு நீர். உப்பு நீரிலே நாற்றங்கால் விட முடியுமா? இன்னொன்றும் உண்டு. டெல்டாவின் நிலத்தடி நீர் தனியாகப் பிறந்ததல்ல. மழையோடு ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் நின்ற தண்ணீர் ஊறி இறங்கியதுதான் அது. ஆற்றிலே குறைத்துவிட்டு, ஊற்றிலே எடுத்துக்கொள் என்பது, மாட்டுக்கு வைக்கோலைக் குறைத்துவிட்டுப் பாலைக் கணக்கிட்டுக் கேட்பது போலத்தான்.

ஏன் நடந்தது இப்படி? நடுவர் மன்றத்தின் முன்பிருந்த பழைய அறிக்கைகளிலே அந்த எண் இருந்தது. எந்த ஊரில் நல்ல நீர், எந்த ஊரில் உப்பு, எத்தனை அடியில், எந்த மாதத்தில் என்று ஊர் ஊராகக் குறித்த படம் நம் கையிலே இருந்திருந்தால், அதைக் கொண்டு நாம் வாதாடியிருக்கலாம். இந்தக் குறையிலே டெல்லிக்கு மட்டுமல்ல, சென்னைக்கும் பங்குண்டு, நமக்கும் உண்டு.

மத்திய சர்க்கார் 2012 முதல் நாடு முழுவதும் நிலத்தடி நீர்ப் படம் போட்டது. ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை 2023 மார்ச்சுக்குள் முடித்துவிட்டார்கள். பெரிய வேலை, பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் படத்திலே ஓர் அங்குலம் என்பது தரையிலே முக்கால் மைலுக்கு மேல். ஒரு கிராமமே கட்டைவிரலுக்கு அடியிலே மறைந்துவிடும். டி வாய்க்கால் எங்கே தெரியப் போகிறது?

இதெல்லாம் மிராசுதாரர் கவலை, கூலிக்காரனுக்கு என்ன என்று எண்ணிவிட வேண்டாம். தண்ணீர் வரும் நாள் தெரிந்தால் நாற்று விடுவார்கள். நாற்று விட்டால் பறிப்புக் கூலி, நடவுக் கூலி, களைக் கூலி. நாள் தெரியாவிட்டால் விதையை நேரே தெளித்துவிட்டுப் போகிறார்கள். நடவுக்குப் போகும் நம் தாய்மார்களுக்கு அந்தப் பருவமே இல்லை என்றாகிறது. 2023இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தும் குறுவை கருகியது. 2024இல் ஜூன் 12 போய், ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அடுத்த சில நாளிலேயே கொள்ளிடத்தின் வழியே வெள்ளம் கடலுக்குப் போயிற்று. அதைப் பார்த்துக் கொண்டு நின்றவர்களிலே பாதிப்பேர் வேலையில்லாதவர்கள்.

ஒல்லாந்து என்றொரு நாடு உண்டு, ரைன் ஆற்றின் கடைமடை. அங்கே ஊர்க்காரர்களே கூடி வரப்பையும் வடிகாலையும் காக்கும் நீர்ச்சபைகள் நூற்றாண்டுகளுக்கு முன்பே தோன்றின. இன்றும் 21 சபைகள், அவற்றுக்குத் தேர்தலும் நடக்கிறது. எந்த வாய்க்காலை யார் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அங்கே ஏட்டில் இருக்கிறது. நம்மிடமும் பாசன விவசாயிகள் சங்கங்களுக்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. சட்டம் வந்தது!

நம் கிளைத் தோழர்களைக் கேட்டுக் கொள்வது இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர்ப் படமும் புலப்படமும் இருக்கின்றன; வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதிய இடமெல்லாம் அதிலே உண்டு. நகல் வாங்குங்கள். வயதான விவசாயத் தொழிலாளி ஒருவரையும், மதகு திறக்கும் லஸ்கரையும் அழைத்துக் கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்து பாருங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த மதகுக்குப் பலகை இல்லை, எந்த இடத்தில் மனைக்கட்டு போட்டிருக்கிறார்கள் — போட்டவர் எந்தக் கரை வேட்டி கட்டியவரானாலும், நம் கரையே ஆனாலும் — குறித்துக் கொள்ளுங்கள். குழாய் போட்ட வீடுகளிலே எத்தனை அடியில் நீர், நல்லதா உப்பா என்பதையும் எழுதுங்கள். எந்த வாய்க்கால் எவ்வளவு நீளம் என்பது ஊருக்குத் தெரிந்தால்தான், தூர் வாரியதாக எழுதியதும் தூர் வாரியதும் ஒன்றுதானா என்று கோடைக் காலத்திலே கேட்க முடியும்.

மார்ச் 22ஆம் நாள், உலகத் தண்ணீர் நாளென்று கிராமசபை கூடும். அன்றைக்கு அந்தப் பட்டியலைத் தீர்மானப் புத்தகத்திலே ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். ஏற்ற மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் சேர்த்து நமக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு இந்தப் பக்கத்திலே வெளியிடுகிறோம்.