ராலி பந்தயத்துக்கு கார் கம்பெனிகள் ஏன் வருகின்றன, ஏன் பாதியில் போகின்றன? ஓசூருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது

2024 ஜனவரியில் சவுதி அரேபியாவில் நடந்த டாக்கார் ராலியில் இந்தியாவுக்கு இரண்டு நல்ல சேதிகள் வந்தன. ஹீரோ அணியின் ராஸ் பிராஞ்ச் பைக் பிரிவில் ஒட்டுமொத்தமாக 2-ம் இடம் பிடித்தார். ஷெர்கோ டிவிஎஸ் அணியின் ஹரித் நோவா ஒட்டுமொத்தமாக 11-ம் இடம் வந்து, 'ராலி 2' பிரிவில் முதலிடம் பெற்றார். டாக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் இந்தக் கேரளத்து வீரர்தான்.

அந்த டிவிஎஸ் பெயருக்குப் பின்னால் ஓசூர் இருக்கிறது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும், 2004 பிப்ரவரி 9 வரை ஓசூர் தர்மபுரி மாவட்டம்தான். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் வந்ததும், 1982-ல் டிவிஎஸ் ரேசிங் அணி தொடங்கியதும் பழைய தர்மபுரி மாவட்டத்தின் கதைதான். இன்றும் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கம் இருந்து ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

ஆனால் ராலி உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்றைக்கு பேனர் கட்டி வரும் கம்பெனி, நாளைக்கு ஒரு பக்க அறிக்கை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். ஏன் வர்றாங்க, ஏன் போறாங்க? நம்ம ஊர் பசங்களுக்கு இதில் என்ன இருக்கு?

முதலில், ராலி என்றால் என்ன?

வட்டமான டிராக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது ராலி இல்லை. பொது ரோட்டையோ காட்டுப்பாதையையோ மூடிவிட்டு, ஒவ்வொரு காராக நேரம் கணக்கிட்டு ஓட்டுவது ராலி. பக்கத்து சீட்டில் வழி சொல்ல ஒருவர் இருப்பார். இதில் உச்சம், 1973-ல் தொடங்கிய உலக ராலி சாம்பியன்ஷிப். டாக்கார் அதில் இருந்து வேறு வகை. இரண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், பாலைவனம், மணல்மேடு. அங்கே பைக்குகளும் ஓடும்.

வருவதற்கு என்ன காரணம்?

ஒரே வரியில் சொன்னால், வியாபாரம். ஃபார்முலா 1 காரை யாரும் ஷோரூமில் வாங்க முடியாது. ராலி கார் அப்படி இல்லை. பார்க்க நம்ம தெருவில் நிற்கிற காரைப் போலவே இருக்கும், பெயரும் அதேதான். 'இந்தக் கல்லிலும் மண்ணிலும் தாங்குதுன்னா, நம்ம ஊர் ரோட்டில் தாங்காதா?' என்று வாங்குபவர் நினைக்க வேண்டும். கம்பெனி பணம் போடுவது அந்த நினைப்புக்காகத்தான்.

தமிழ்நாட்டில் தயாரான கார்களை வைத்தே இதைப் பார்க்கலாம். 1996 முதல் 1999 வரை டாமி மாக்கினன் தொடர்ந்து 4 முறை உலக சாம்பியன் ஆனது மிட்சுபிஷி லான்சரில். 1998-ல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் இருந்து லான்சர் வெளியே வந்தபோது, 'ராலி கார்' என்ற பெயரையும் சேர்த்தே கொண்டு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த ஆக்சென்ட், ஐ20 இரண்டின் பெயரிலும் உலக ராலி கார்கள் ஓடியிருக்கின்றன. பந்தயக் கார் உள்ளே முற்றிலும் வேறு என்பது உண்மைதான். ஆனால் விளம்பரத்துக்கு வெளித்தோற்றம் போதும்.

இரண்டாவது காரணம், சந்தை. டிவிஎஸ் 2015-ல் ஷெர்கோவுடன் சேர்ந்து டாக்காருக்குப் போனது. ஹீரோ 2017-ல் போனது. அப்போது டாக்கார் ஓடிக்கொண்டிருந்தது தென் அமெரிக்காவில். இந்திய பைக் கம்பெனிகள் ஏற்றுமதிக்கு முக்கியமாகப் பார்த்த இடங்களில் லத்தீன் அமெரிக்காவும் ஒன்று. ஹீரோ 2015-ல் கொலம்பியாவில் தொழிற்சாலையே திறந்தது. இதெல்லாம் தற்செயல் என்று சொல்வது கஷ்டம்.

மூன்றாவது, அடுத்து வரப்போகும் வண்டி. டாக்காரில் சில ஆண்டுகள் ஓடிய பிறகு, 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. மண் ரோட்டுக்கான பைக்கை ஒரு சாதாரண சம்பளக்காரர் வாங்குகிற விலையில் விற்க, டாக்கார் பெயர் கைகொடுத்தது. ஓசூரின் டிவிஎஸ்ஸும் 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 என்ற அட்வெஞ்சர் பைக்கை இறக்கியது.

நான்காவது காரணம் கணக்குப் புத்தகத்தில் வராது. அது முதலாளியின் ஆசை. டொயோட்டா 2017-ல் உலக ராலிக்குத் திரும்பியதில் அதன் தலைவர் அகியோ டொயோடாவின் சொந்த ஆர்வத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவரே ராலி ஓட்டுகிறவர். அந்த ஆர்வத்தில் இருந்து ஜிஆர் யாரிஸ் என்ற காரே பிறந்தது. 2021 முதல் 2025 வரை தொடர்ந்து 5 முறை தயாரிப்பாளர் பட்டம் டொயோட்டாவுக்குத்தான்.

சரி, ஏன் போறாங்க?

முதல் காரணம், காசு. 2008 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. டிசம்பர் 15-ல் சுசுகியும் அடுத்த நாள் சுபாருவும் உலக ராலியை விட்டுப் போவதாக அறிவித்தன. மூன்று உலக சாம்பியன்களை உருவாக்கிய சுபாருவுக்கே அந்த நிலைமை. 12 முறை டாக்காரை வென்ற மிட்சுபிஷி 2009 பிப்ரவரியில் அங்கிருந்து விலகியது. கார் விற்காத காலத்தில் முதலில் வெட்டப்படுவது பந்தய பட்ஜெட்தான். ஆலையை மூடினால் ஊரே கேட்கும். பந்தய அணியை மூடினால் ரசிகர்கள் மட்டும்தான் வருத்தப்படுவார்கள்.

இரண்டாவது, கம்பெனி போகும் திசை மாறுவது. ஃபோக்ஸ்வேகன் 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகளும் ஓட்டுநர் பட்டம், தயாரிப்பாளர் பட்டம் இரண்டையும் வென்றது. ஆனாலும் 2016 நவம்பரில் விலகியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டீசல் புகை மோசடி வெளியே வந்திருந்தது. இனி மின்சாரக் கார் என்று சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருந்த கம்பெனிக்கு, பெட்ரோல் குடித்துப் பாயும் ராலி கார் தோதான விளம்பரம் இல்லை. 2017 சீசனுக்காகத் தயாராக இருந்த போலோ கார் ஒரு பந்தயத்திலும் ஓடாமலே நின்றுபோனது.

மூன்றாவது, ஒரே ஆளை நம்பி இருப்பது. 2019 நவம்பரில் சாம்பியன் ஓட்டுநர் செபாஸ்டியன் ஓஜியர் விலகியதும், சிட்ரோயனும் கடையைக் கட்டியது. நல்ல ஓட்டுநர் வேறு யாரும் கிடைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

நான்காவது, விதிகள். 2022-ல் உலக ராலி கார்களுக்கு ஹைபிரிட் கட்டாயம் ஆனது. புது கம்பெனிகள் வரும் என்று எதிர்பார்த்தார்கள், யாரும் வரவில்லை. செலவும் சிக்கலும்தான் கூடியது. 2025-ல் ஹைபிரிட்டையே கழற்றிவிட்டார்கள். 2027-ல் வரப்போகும் விதிப்படி ஒரு காரின் விலை 3,45,000 யூரோவைத் தாண்டக் கூடாது. நம்ம ரூபாயில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. பெரிய கம்பெனிதான் என்று இல்லை, கார் கட்டத் தெரிந்த தனியார் பட்டறைகளும் வரலாம். கம்பெனிகளை மட்டுமே நம்பி இருந்தால் விளையாட்டு பிழைக்காது என்பதை உலக அமைப்பே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

போனவர்கள் திரும்ப வருவதும் உண்டு. ஹூண்டாய் 2003-ல் சீசன் முடியும் முன்பே கிளம்பியது. 2014-ல் ஐ20 காரோடு திரும்பி வந்து, 2019, 2020-ல் தயாரிப்பாளர் பட்டம் வென்றது. ஆக, கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். யார் எப்போது நுழைவார்கள், எப்போது வெளியேறுவார்கள் என்பதுதான் தெரியாது.

ஜெயித்தால் ஆலை பிழைக்குமா?

நம்ம மாநிலத்தில் இதற்கு ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 2022 ஜனவரியில் மோண்டே கார்லோ ராலியை வென்றது ஃபோர்டு பூமா. அதே ஆண்டு ஜூலையில், மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் இருந்து கடைசி கார் வெளியே வந்தது. மேடையில் கோப்பை, இங்கே கேட்டுக்கு வெளியே தொழிலாளர்கள். ராலியில் ஜெயிப்பதற்கும் ஒரு ஊரில் ஆலை நிலைப்பதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

தர்மபுரிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்துவிட்டன. எல்லாம் பழைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள்தான். 'நம்ம ஊர் கம்பெனி டாக்கார் போகுது' என்று பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் டாக்காரில் ஓடும் டிவிஎஸ் பைக்கின் அடிப்படை ஐரோப்பாவின் ஷெர்கோவினுடையது. பந்தயத்துக்குப் போகும் தொகையால் ஓசூரில் எத்தனை பேருக்குத் திறமை கூடுகிறது என்பதுதான் ஊர் கேட்க வேண்டிய கேள்வி.

டயர் கம்பெனிகள் மட்டும் எப்படி நிற்கின்றன?

இந்திய ராலியை நீண்ட காலம் தாங்கிப் பிடித்தவர்கள் கார் கம்பெனிகளைவிட டயர் கம்பெனிகள்தான். சென்னையின் எம்ஆர்எஃப் அணியில் ஓட்டித்தான் கௌரவ் கில் 2013, 2016, 2017-ல் ஆசிய பசிபிக் ராலி பட்டம் வென்றார். அவர் ஓட்டியது ஸ்கோடா கார். 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பை எஃப்ரென் யரேனா வென்றதும் எம்ஆர்எஃப் டயரில்தான். ஜேகே டயரும் இந்திய மோட்டார் பந்தயத்தில் பல்லாண்டு பணம் போட்டிருக்கிறது.

காரணம் எளிது. கார் மாடல் ஐந்தாறு வருஷத்தில் மாறிவிடும், அதோடு விளம்பரத் தேவையும் மாறும். டயர் எந்த மாடலுக்கும் வேண்டும், தேய்ந்தால் மறுபடியும் வேண்டும். வியாபாரம் நிலையாக இருக்கிற இடத்தில் ஆதரவும் நிலையாக இருக்கும்.

ஊருக்கு என்ன வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு விவகாரம் இல்லை. தர்மபுரி இளைஞனுக்கு வேகம் பிடிக்கும். ஆனால் அதைப் பாதுகாப்பாகக் காட்ட இடம் எங்கே? இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் கோவை செட்டிபாளையம் கரி டிராக்கும் பல மணி நேரப் பயணம். பக்கத்தில் இருப்பது தேசிய நெடுஞ்சாலை 44-ம், விபத்துக்கே பெயர் வாங்கிய தொப்பூர் கணவாயும்தான். ரீல்ஸ் எடுக்கிறவனுக்கு அதுதான் ராலி ஸ்டேஜ். இந்த நிலைமை மாறணும்.

சென்னையில் 2024 ஆகஸ்ட் கடைசியில் தெருவையே டிராக் ஆக்கி ஃபார்முலா 4 பந்தயம் நடத்தியது அரசு. அதில் பாதி அக்கறையை மாவட்டங்களின் பக்கம் திருப்பினால் போதும். ராலிக்கு கோடிக்கணக்கில் டிராக் கட்ட வேண்டியதில்லை. மூடக்கூடிய மண் பாதை, அனுமதி, ஆம்புலன்ஸ், பயிற்சி பெற்ற மார்ஷல்கள், கட்டுப்பாட்டில் நிற்கும் கூட்டம் இருந்தால் தொடங்கிவிடலாம். காப்புக்காடுகளைத் தொடாமல் பாதை தேர்ந்தெடுப்பது முக்கியம்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலி சுற்று நடந்துகொண்டிருந்தபோது, பாதைக்குள் பைக்கில் வந்துவிட்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் உயிரிழந்தார்கள். மூடியதாகச் சொல்லப்பட்ட பாதை உண்மையில் மூடப்பட்டிருக்க வேண்டும். ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இது முடியாத இடத்தில் ராலியே வேண்டாம்.

கம்பெனிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓசூர், தர்மபுரி ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களைப் பந்தய அணிகளின் பட்டறையில் பயிற்சிக்கு எடுக்கலாம். 40 நிமிஷத்தில் கியர்பாக்ஸ் மாற்றப் பழகிய கைக்கு, அணி கலைந்தாலும் வேறு இடத்தில் வேலை உண்டு. கம்பெனி எடுத்துக்கொண்டு போக முடியாத சொத்து அந்தத் திறமைதான்.

எந்தக் கம்பெனியும் ஊர்ப் பாசத்தால் ராலிக்கு வருவதில்லை, ஊர் மேல் கோபத்தால் போவதும் இல்லை. கணக்கு சரிப்பட்டால் இருப்பார்கள், சரிப்படாவிட்டால் போவார்கள். அதைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் இருக்கும் காலத்தில் பயிற்சி, கிளப், பாதுகாப்பான பாதை என்று ஊருக்கு எதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் மாவட்ட நிர்வாகத்துக்கும் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்புக்கும் பொறுப்பு இருக்கிறது. அடுத்த முறை ஒரு கம்பெனி விலகல் அறிக்கை விடும்போது, ரசிகர்களோடு சேர்ந்து மெக்கானிக்குகளும் வருத்தப்பட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.