ஆறு மாத இரவை எப்படிக் கடக்கிறார்கள்?

தென் துருவத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு சூரிய உதயம். ஒரே ஒரு அஸ்தமனம். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதே காரணம். அச்சின் தென்முனை சூரியனிடமிருந்து விலகியிருக்கும் மாதங்களில், பூமி எத்தனை முறை சுழன்றாலும் அந்த முனைக்கு வெயில் எட்டாது. இதைத் துருவ இரவு என்பார்கள். மார்ச் பிற்பகுதியில் மறையும் சூரியன் செப்டம்பர் பிற்பகுதியில்தான் திரும்பும். மறைந்த உடனே இருட்டிவிடுவதில்லை. பல வாரங்கள் அந்தி வெளிச்சம் நீடிக்கும். மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை முழு இருள்.

அங்குள்ள அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்தில் குளிர்காலத்தில் சுமார் 40 பேர் தங்குகிறார்கள். பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பிவிட்டால், அக்டோபர் இறுதிவரை வழக்கமான விமானப் போக்குவரத்து கிடையாது. வெளியே குளிர் மைனஸ் 60 டிகிரியையும் தாண்டும்.

நீண்ட இருட்டு என்றதும் மனச்சோர்வுதான் நினைவுக்கு வரும். ஆனால் முதலில் குலைவது தூக்கம். நம் மூளையில் ஓர் உடல் கடிகாரம் இருக்கிறது. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்பதை வழிநடத்தும் நரம்பணுக் கூட்டம் அது. அதன் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரமல்ல; பெரும்பாலோருக்குச் சற்றே கூடுதல். தினமும் சில நிமிடம் பின்தங்கும் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதுபோல, காலை வெளிச்சம் அதைத் திருத்துகிறது. கண்ணில் உள்ள சில அணுக்கள், குறிப்பாக நீல ஒளியை உணர்ந்து, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே, இரவை உணர்த்தும் மெலட்டோனின் என்ற இயக்குநீரின் சுரப்பு குறைகிறது.

வெயில் இல்லாவிட்டால் திருத்தம் இல்லை. நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் பின்தங்கினாலும் ஐந்து நாளில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நள்ளிரவில் விழிப்பு, வேலை நேரத்தில் உறக்கம், மறதி, எரிச்சல் என்று தொடரும்.

இதற்கு மருந்தாக வெளிச்சத்தை முயன்று பார்ப்பது புதிதல்ல. 1898இல் 'பெல்ஜிகா' கப்பல் அண்டார்டிக் கடற்பனியில் சிக்கியது. நலிந்துபோன மாலுமிகளைக் கப்பல் மருத்துவர் ஃபிரெடரிக் குக் அடுப்பின் தழல் முன் உட்கார வைத்தார். கூடவே பெங்குவின், சீல் இறைச்சியையும் உண்ணச் செய்தார். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தணித்தது அந்த இறைச்சிதான். தழல் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இன்று முறை தெளிவாகியிருக்கிறது. அண்டார்டிகாவிலுள்ள பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் நீலக்கூறு மிகுந்த வெள்ளை விளக்குகளைச் சோதித்துப் பார்த்தார்கள். காலையில் பிரகாசமான ஒளி, மாலையில் மங்கலான ஒளி என்பது அடிப்படை விதி. வெயிலில்லாமல் குறையும் வைட்டமின் டி-க்கு மாத்திரை உண்டு. தென் துருவ நிலையத்தில் விளக்கொளியில், மண்ணில்லாமல் கீரையும் காய்கறியும் வளர்க்கிறார்கள். அதே நிலையத்தில் குளிர்காலத்தில் ஜன்னல்களை மூடிவைப்பதும் வழக்கம். விண்ணையும் துருவ ஒளியையும் பதிவுசெய்யும் கருவிகளுக்கு வெளிச்சக் கசிவு இடையூறு என்பதே காரணம்.

ஒளியைப் போலவே கால அட்டவணையும் முக்கியம். குறித்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து உண்பது, உடற்பயிற்சி செய்வது, முறை வைத்து வீட்டுவேலை பார்ப்பது ஆகியவை நாளுக்கு எல்லை வகுக்கின்றன. ஜூன் 21ஐ ஒட்டி நடுக்குளிர்கால விழா வருகிறது; அண்டார்டிகா கண்டம் முழுவதும் நிலையங்கள் வாழ்த்துப் பரிமாறிக்கொள்கின்றன. சுமார் இரண்டு மாதத் துருவ இரவைக் காணும் இந்தியாவின் மைத்ரி நிலையமும் அதைக் கொண்டாடுகிறது.

இவற்றால் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. ஜெர்மனியின் நொய்மாயர் நிலையத்தில் 14 மாதம் இருந்த ஒன்பது பேரை ஆராய்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதி ஒன்று அவர்களுக்குச் சுருங்கியிருந்தது. மாறாத சூழலும் தனிமையுமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

ஒன்பது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. துருவ நிலையத்தில் இருள், தனிமை, குளிர் மூன்றும் ஒன்றாகவே வருவதால் ஒவ்வொன்றின் பங்கையும் தனியே அளப்பதும் அரிது. ஆனாலும் ஒன்று சொல்லலாம்: விளக்கு உடல் கடிகாரத்தைத் திருத்தும், தனிமையைத் தீர்க்காது. அதற்குக் கூடவே உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும்.