ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதுமா?

ஆரணிக் கைத்தறியில் இறங்கும் பட்டுச் சேலை பெரும்பாலும் ஒற்றை உருப்படி. அதே கரையில் வேறு நிறம் கிடைக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான். கல்லாவில் பில் போட்ட சேலையை இணையக் கடையும் விற்றுவைத்தால், முகூர்த்தப் புடவை கேட்டவரிடம் என்ன சமாதானம் சொல்வது?

இதற்கு நம் மென்பொருள்காரர்கள் பலரிடம் ஒரே மருந்துதான். டேபிளில் ‘அப்டேட்டட் அட்’ என்று ஒரு நேரப் பத்தி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பின் மாறிய வரிகளை மட்டும் இழுத்து இணையக் கடைக்குத் தள்ளு, போதும் என்கிறார்கள். போதாது.

அழித்த வரிக்கு நேரம் ஏது? பட்டியலிலிருந்து நீக்கிய சேலை இணையத்தில் பல்லிளித்துக்கொண்டே இருக்கும். நெசவாளிக்குக் கொடுத்த பாவு, ஊடை, ஜரிகையின் எடையைப் பதிந்து, இரண்டு நிமிடத்தில் யாரோ திருத்தினால், திருத்திய எடைதான் போய்ச் சேரும். கூலித் தகராறு வரும் நாளில் கேட்கப்போவதோ முதல் எடையை.

இவற்றைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ‘நவ்’ தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் அல்ல. பில் 10:00:00-க்குத் தொடங்கி 10:00:20-க்குக் கமிட் ஆகிறது. நடுவே 10:00:10-க்கு எட்டிப் பார்த்தவருக்கு அந்த வரி தெரியாது. இன்னொரு வரியின் 10:00:08-ஐக் குறித்துக்கொண்டு போகிறார். அடுத்த முறை 10:00:08-க்குப் பின் உள்ளதைத்தான் கேட்பார். அந்த பில் என்றைக்கும் வராது. ஐந்து நிமிடத்தை ஒரு நிமிடமாக்கினாலும் ஓட்டை அடையாது.

கமிட் ஆன மாற்றமெல்லாம் ஏற்கெனவே வால் என்ற பதிவில் வரிசையாக இருக்கிறது. அதைப் படித்து, கமிட் ஆன வரிசையில் வெளியே அனுப்பும் லாஜிக்கல் டிகோடிங் 2014-இல் 9.4 பதிப்போடு வந்துவிட்டது. எந்த வடிவில் அனுப்புவது என்பது பிளக்இன் வேலை: ஜேசன் வேண்டுமானால் வால்2ஜேசன், 2017-இன் 10-ஆம் பதிப்பு முதல் பிஜிஅவுட்புட் கூடவே வருகிறது. டேபிளுக்குப் பிரைமரி கீ இருந்தால் அழித்ததும் வரும். சில நொடி தாமதம் இதிலும் உண்டு. ஆகவே இணைய ஆர்டரை மூல டேபிளில் சரிபார்த்த பிறகே உறுதி செய்ய வேண்டும்.

இப்படி அனுப்ப, எதுவரை படித்தாயிற்று என்பதை நினைவில் வைக்கும் ஸ்லாட் ஒன்று வேண்டும். “ஸ்லாட் வைத்தால் டிஸ்க் நிரம்பிவிடும்” என்று பயமுறுத்துவார்கள். பயம் நியாயமானதே. மாற்றங்களை வாங்கும் நிரல் படுத்துவிட்டால் ஸ்லாட் பழைய பதிவுகளை விடாமல் பிடித்து வைக்கும். டிஸ்க் நிரம்பினால் கடையில் பில்லே ஓடாது. ஆனால் 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலேயே அதற்கு வரம்பு வைக்க வழி இருக்கிறது. கைபடாத அமைப்பில் வரம்பு கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும். வரம்பு தாண்டினால் ஸ்லாட் செத்துப்போகும், முழு நகலை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். சரக்கு ஏறும் சீசனில் கல்லா நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சர்வர் விழுந்து எழுந்தால் சில மாற்றங்கள் இரண்டாம் முறை வரும் என்பது இன்னொரு புகார். வரும்தான். இந்தச் சேலை ‘விற்றாயிற்று’ என்று இருமுறை எழுதினால் ஒன்றும் கெடாது. ‘இருப்பில் ஒன்றைக் கழி’ என்று எழுதி வைத்தவர்தான் மாட்டுவார்.